தூக்க முடியாத டிங்கி: லங்காவியில் ஒரு பாய்மரப் படகுக்காக இரண்டு முறை செய்த தேர்வு

2022 அக்டோபரில் ஒரு தம்பதி தங்கள் பாய்மரப் படகுக்குப் புது டிங்கி, அதாவது படகிலிருந்து கரைக்குப் போய்வரும் சிறு துணைப்படகு, வாங்கினார்கள். மூன்று மாதத்தில் அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று. பணம் போனது ஒருபுறம். அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு மாலை, இருட்டிய பிறகு பழக்கமில்லாத விரிகுடாவுக்குள் படகைக் கொண்டுபோகும் நிலையும் வந்தது. இரண்டு முறையும் என்னிடம் யோசனை கேட்டார்கள். முதல் முறை நான் சொன்னது தவறு. இருவரின் ஒப்புதலோடும், அவர்களுடைய பயணப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் இதை எழுதுகிறேன். பெயர்களும் படகின் பெயரும் வேண்டாம் என்றார்கள்.

நான் மலேசியாவின் லங்காவித் தீவில் படகுகளுக்குக் கம்பிக் கயிறு கட்டுவது, பாய் தைப்பது, சில்லறைப் பழுது பார்ப்பது என்று வேலை செய்கிறவன். அந்த அக்காவையும் அண்ணனையும் ஐந்தாறு வருடமாகத் தெரியும்.

பின்னணி

கணவருக்கு அப்போது வயது 58, மனைவிக்கு 55. இருவரும் பினாங்குப் பக்கத்துத் தமிழர்கள். 36 அடி நீளமுள்ள, ஒற்றை உடல் கொண்ட பழைய படகொன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் லங்காவியிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் வரை தீவு தீவாகத் தங்கிப் போய்வருவார்கள். நேர்த்தூரம் சுமார் 120 கடல் மைல்தான். வழியில் கோ லிப்பே, கோ ரோக், பீபீ என்று நிறுத்தங்கள் இருப்பதால் பல வாரம் பிடிக்கும். தென்மேற்குக் காற்று தொடங்கியதும் லங்காவிக்குத் திரும்பிவிடுவார்கள்.

படகோடு வந்த டிங்கி 2.6 மீட்டர் நீளம், சுற்றிலும் பிவிசி துணியாலான காற்றுக்குழாய், தரையில் மரச்சட்டங்கள். சுருட்டி வைக்கலாம் என்று பெயர்தான். அவர்கள் ஒருநாளும் சுருட்டவில்லை. ஆறு வருடம் வெயிலிலேயே கிடந்தது. 2022 செப்டம்பரில், குவா ஊருக்கு எதிரே நங்கூரத்தில் இருந்தபோது, இஞ்சின் மாட்டும் பின்பலகை குழாயிலிருந்து ஒருபக்கமாகப் பிய்ந்தது. 2.5 குதிரைத்திறன் இஞ்சின் சாய்ந்து தண்ணீரைத் தொட்டது. அண்ணன் அதைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தார்.

பிய்ந்த இடத்தை என் பட்டறையில் பிரித்துப் பார்த்தேன். துணி அவ்வளவு மோசமில்லை. பசைதான் போயிருந்தது, விரலில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டியது. வெப்பநாட்டில் பிவிசி டிங்கிகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. வெயிலில் துணியை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் மெல்ல வெளியேறும், மேற்பரப்பு பிசுபிசுக்கும், பசை வைத்த மூட்டுகள் விட்டுக்கொடுக்கும்.

இதில் அவர்களின் ஒரு பழக்கத்துக்கும் பங்கு உண்டு. இரவுக் குளிரில் குழாய் தளர்ந்து தெரிவதால் அண்ணன் தினமும் காலையில் காற்றடித்து இறுக்குவார். காலையில் 25 டிகிரியில் 0.25 பார் அழுத்தம் வைத்தால், மதிய வெயிலில் குழாய்க்குள் 50 டிகிரி ஆகும்போது அது 0.35 பாரைத் தொடும். எந்த மூட்டுக்கும் அது தினசரித் தண்டனை. காலையில் சற்றுத் தளர்வாக இருப்பதுதான் சரி என்று அப்போது அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் தேர்வு

அந்தச் சமயத்தில் எங்கள் நங்கூரத்தலத்தில் ஊர் சுற்றும் படகுகளில் பெரும்பாலானவை ‘ரிப்’ வைத்திருந்தன. அடியில் கெட்டியான கண்ணாடியிழை உடல், சுற்றிலும் காற்றுக்குழாய் உள்ள வகை அது. 15 குதிரைத்திறன் இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) இஞ்சினோடு அவை தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும். பழைய டிங்கியில் நனைந்து நனைந்தே கரைக்குப் போன இருவருக்கும் அது பெரிய ஈர்ப்பு.

அண்ணன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, மூணு மீட்டர் ரிப் வாங்கலாமா, மூணு பத்து வாங்கலாமா?” கேள்வியே பாதி முடிவைச் சொல்லிவிட்டது. நான் யோசிக்காமல் பெரியதைச் சொன்னேன். தண்ணீர், டீசல், கேஸ், கடைச்சாமான் என்று சுமை ஏற்றுகிறவர்களுக்குப் பெரிய டிங்கி நல்லது, பதினைந்து இருந்தால் சுமையோடும் எழும்பும் என்றேன். இரண்டும் உண்மைதான். அதை எங்கே வைத்துப் பயணம் போவீர்கள், கரையில் யார் இழுப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அக்கா அன்று பேச்சில் இல்லை. அவரைக் கூப்பிட எனக்கும் தோன்றவில்லை.

வாங்கியவை: 3.1 மீட்டர் கண்ணாடியிழை ரிப், 15 குதிரைத்திறன் இரட்டை வீச்சு இஞ்சின், படகின் பின்பக்கத்தில் டிங்கியைத் தொங்கவிட எஃகு டேவிட் கைகள் இரண்டு. டேவிட்டைத் தளத்தில் பொருத்தியது வேறொரு பட்டறை. குழாய்த் துணி பிவிசியா, வெயிலை அதிகம் தாங்கும் ஹைபலான் ரப்பரா என்று பார்த்தார்கள், ஹைபலான்தான் வாங்கினார்கள். முதல் தேர்வில் சரியாக அமைந்தது இந்த ஒன்றுதான். அதனால் பின்னால் விற்றபோது ஓரளவு விலையும் கிடைத்தது.

கையேட்டில் டிங்கியின் எடை 58 கிலோ. மூன்று மாதம் கழித்துத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தபோது எரிபொருள் தொட்டி, இருக்கை, துடுப்பு, சிறு நங்கூரம், சங்கிலி எல்லாம் சேர்த்து 83 கிலோ. இஞ்சின் தனியாக 38. மொத்தம் 121.

கடலில் கண்டவை

முதல் வாரம் எல்லாருக்கும் மகிழ்ச்சி. லங்காவியின் தெலாகா படகுத்துறையிலிருந்து வெளியே நங்கூரம் போட்டிருந்த நண்பர்களைப் பார்க்க நாலு நிமிடத்தில் போய்வந்தார்கள், உடுப்பு நனையவில்லை.

பௌர்ணமி வந்தது. லங்காவியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மீட்டர் வித்தியாசம் இருக்கும். மட்டமான கரைகளில் அது நூறு மீட்டருக்கு மேல் மணலாகவும் சேறாகவும் விரியும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டிங்கி வறண்ட மணலில் உட்கார்ந்திருந்தது. இருவரும் பிடித்து இழுத்தார்கள். ஒரு முழம் நகர்ந்தது. நீர் திரும்ப வர நாலு மணி நேரம் காத்திருந்தார்கள். அடுத்த முறையிலிருந்து டிங்கியை ஆழத்திலேயே நங்கூரமிட்டுவிட்டு இடுப்பளவு நீரில் இறங்கி நடந்தார்கள். நனையாமல் போகத்தான் பெரிய டிங்கி வாங்கினார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவதாகக் கண்டது பதிவேட்டில் இல்லை. அக்கா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழைய டிங்கியில் அவர் தனியாகக் குவா சந்தைக்குப் போய்வருவார். 2.5 இஞ்சினை அவரே மாட்டுவார், கழற்றுவார். புது டிங்கி வந்த பிறகு அவர் ஒருமுறைகூடத் தனியாகக் கரைக்குப் போகவில்லை. 38 கிலோ இஞ்சினை அவரால் தூக்க முடியவில்லை. அதன் இழுகயிறு அவர் தோளுக்கு மிஞ்சியது. டேவிட்டின் கப்பியில் 83 கிலோவை ஏற்ற அவர் கை போதவில்லை. “என்னங்க, இதை நான் தனியா எறக்க முடியாதுன்னா, கரைக்குப் போக ஒவ்வொரு தடவையும் உங்ககிட்டே கேட்டுக்கிட்டுத்தானே நிக்கணும்?” என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். அண்ணன் அதை அப்போது ஒரு சலிப்பாக எடுத்துக்கொண்டார். எனக்கு இந்த ஆய்விலேயே மிக முக்கியமான கவனிப்பு அதுதான். அண்ணனுக்கு நங்கூரத்தலத்தில் நெஞ்சுவலி வந்தால் அவரைக் கரை சேர்க்க வேண்டியவர் அக்காதான்.

பிறகு நவம்பர் இறுதி. கோ ரோக்கிலிருந்து பீபீக்குக் கிளம்பினார்கள். சுமார் 36 கடல் மைல், விடிகாலையில் புறப்பட்டால் பிற்பகலில் சேர்ந்துவிடலாம். அன்று காலையில் பவளம் பார்க்க டிங்கியை இறக்கினார்கள். அதனால் புறப்பாடு ஒன்பதரை ஆகிவிட்டது. திரும்ப ஏற்றும்போது இஞ்சினைக் கழற்றிப் பின்கம்பியில் மாட்டினார்கள், அது சரி. டிங்கியின் வடிகால் அடைப்பானைக் கழற்ற மறந்தார்கள்.

மதியத்துக்குப் பின் கிழக்கிலிருந்து ஒரு மழைக்காற்று வந்தது. அதன் வேகம் 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வரை போனதாகப் பதிவேடு சொல்கிறது. அலை பக்கவாட்டில் வந்ததால் படகு உருண்டது. உருளும்போதெல்லாம் டேவிட்டில் தொங்கிய டிங்கியின் ஒரு ஓரம் அலையின் தலையை மொண்டுகொண்டது, மேலிருந்து மழையும் பெய்தது. டிங்கியின் உள்தரை ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம். அதில் ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். 15 சென்டிமீட்டர் நின்றால் 240 கிலோ. தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கவும் இல்லை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஓடி இடித்தது. இடதுபக்க டேவிட்டின் அடித்தகடு தளத்திலிருந்து கிளம்பத் தொடங்கியது. திருகாணிகளுக்குக் கீழே தாங்குபலகை வைக்காமல் வெறும் வாஷரோடு முடுக்கியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அப்போது அவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கைநீட்டி அடைப்பானைப் பிடுங்கலாம். ஆனால் அது டிங்கியின் வெளிப்புறத்தில், உருளும் படகின் பின்கம்பிக்கு அப்பால் இருந்தது. அண்ணன் போகப் பார்த்தார், அக்கா தடுத்தார். கயிற்றை வெட்டி டிங்கியை விட்டுவிடலாம். அல்லது தண்ணீரில் இறக்கி இழுத்துப் போகலாம். அக்கா சுக்கானைப் பிடித்துக் காற்று போகும் திசைக்கே படகைத் திருப்பினார், உருளல் குறைந்தது. அந்த இடைவெளியில் அண்ணன் இரண்டு கப்பியையும் தளர்த்தி டிங்கியை நீரில் விட்டு, 20 மீட்டர் கயிற்றில் பின்னால் கட்டினார்.

இந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். டேவிட் பிய்ந்திருந்தால் தளத்தில் ஓட்டை விழுந்திருக்கும். அடைப்பானுக்காக எட்டியிருந்தால் ஆளே போயிருக்கலாம். ஆனால் அதற்கு விலை இருந்தது. தண்ணீர் நிறைந்த டிங்கி பின்னால் இழுபட, ஐந்தரை நாட் வேகம் மூன்றாகக் குறைந்தது. மழை ஓய்ந்த பின் டிங்கியைப் பக்கத்தில் இழுத்து வாளியால் இறைத்துக் காலியாக்கினார்கள். அதற்குள் மணி ஐந்து தாண்டிவிட்டது. பீபீயின் தோன்சாய் விரிகுடாவுக்குள் நுழைந்தபோது முற்றிலும் இருட்டு. விளக்கில்லாத மிதவைகள், நீள்வால் படகுகள், நடுவே நங்கூரமிட இடம் தேடி ஒரு மணி நேரம் சுற்றினார்கள். இருவருமே அந்த இரவை மறக்கவில்லை.

முன்தளத்தை அளந்த நாள்

புக்கெட்டின் சாலோங் விரிகுடாவில் அவர்களைப் போய்ச் சேர்ந்தேன். டேவிட்டைக் கழற்றினோம், ஓட்டைகளை அடைத்தோம். டிங்கியை இனி முன்தளத்தில் கவிழ்த்து வைத்துக் கட்டலாம் என்று, பாயை ஏற்றும் ஹாலியார்டு கயிற்றில் தூக்கினோம். பாய்மரத்துக்கும் நங்கூரம் இழுக்கும் உருளைக்கும் நடுவே இடம் 2.85 மீட்டர். டிங்கி 3.1. அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனையில், அது உருளையின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. நங்கூரத்தை இறக்க முடியாத படகாகிவிட்டது அது. அந்த அளவுநாடாவை அக்டோபரில் நீட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஜனவரியில் காற்று சீராக இருந்த நாட்களாகப் பார்த்து, டிங்கியை இழுத்துக்கொண்டு சிறு சிறு தூரமாக லங்காவிக்குத் திரும்பினார்கள்.

இரண்டாம் தேர்வு

இந்த முறை மூவரும் உட்கார்ந்தோம். கடைக்குப் போகுமுன் பதிவேட்டை எடுத்து, டிங்கி என்னென்ன வேலை செய்தது என்று எண்ணினோம். மூன்று மாதத்தில் 64 பயணங்கள். ஒரு கடல் மைலுக்கு மேல் போனவை ஏழு. இருவருக்கு மேல் ஆள் ஏறியவை ஐந்து. மிகப் பெரிய சுமை: இரண்டு பேர், 20 லிட்டர் தண்ணீர்க் கேன் நாலு, காய்கறி, அரிசி, எல்லாம் சேர்ந்து சுமார் 250 கிலோ. பறக்கும் வேகம் உண்மையில் தேவைப்பட்டது அந்த ஏழு பயணங்களில்தான். கரையில் இழுப்பதும், படகில் ஏற்றுவதும், இஞ்சினைத் தூக்குவதும் 64-லும் இருந்தன.

அதிலிருந்து அக்கா இரண்டு நிபந்தனை வைத்தார். இஞ்சினையும் டிங்கியையும் அவர் ஒருவராகவே, கப்பியின் உதவியோடு, ஏற்றி இறக்க வேண்டும். பயணத்தின்போது டிங்கி முன்தளத்தில் இருக்க வேண்டும், நங்கூரத்துக்குத் தடையாக இருக்கக் கூடாது. நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: வெறும் டிங்கியை இரண்டு பேர் கையால் தூக்கி மணலில் பத்தடி நடக்க வேண்டும்.

காற்றுத் தரை டிங்கியைத்தான் முதலில் பார்த்தோம். எடை முப்பது கிலோவுக்குள், காற்றை இறக்கினால் பையில் அடங்கும், உயர் அழுத்தத் தரை பலகைபோல நிற்கும். வேறு இடத்தில் இருப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் இந்தக் கடலில் பாறை, படிக்கட்டு, ஜெட்டித் தூண் எல்லாவற்றிலும் சிப்பி அப்பிக் கிடக்கிறது. விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி. புக்கெட்டை ஒட்டிய பாங்கா விரிகுடாவில் சுண்ணாம்புத் தீவுகளுக்கு உள்ளே இருக்கும் ‘ஹோங்’ குளங்களுக்குக் குகை வழியாக நுழைவது இவர்களுக்கு ஆண்டின் பெரிய சந்தோஷம். அங்கே துணி அடிப்பாகத்தோடு போக எனக்கு மனம் வரவில்லை.

ஒட்டுப்பலகையில் இரண்டு துண்டாகச் செய்து ஒன்றுக்குள் ஒன்று வைக்கும் கெட்டி டிங்கியை அண்ணன் ஆசைப்பட்டார். துடுப்புப் போட அதைப்போல் எதுவும் இல்லை. ஆனால் தண்ணீரில் நீந்திவிட்டு அதன் விளிம்பில் ஏறினால் கவிழும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது வேண்டாம் என்று விட்டோம்.

மிஞ்சியது அலுமினிய அடிப்பாகம் கொண்ட சிறு ரிப். 2.7 மீட்டர், மடக்கும் பின்பலகை, எடை 40 கிலோ. கடையில் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தபோது 41.5. அலுமினியம் பாறையில் உரசினால் கோடு விழும், நசுங்கும், கண்ணாடியிழைபோலப் பெயராது. 2.85 மீட்டர் முன்தளத்தில் 15 சென்டிமீட்டர் மிச்சம் வைத்து உட்காரும்.

குழாய்த் துணி பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் இதில்தான் குழப்பம். ஹைபலான் என்பது டூபாண்ட் நிறுவனம் வைத்த வணிகப்பெயர். அவர்கள் 2010-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதே செயற்கை ரப்பரை இப்போது வேறு ஆலைகள் செய்கின்றன, ‘சிஎஸ்எம்’ என்று எழுதியிருக்கும். பழக்கத்தில் எல்லாரும் ஹைபலான் என்றே சொல்கிறோம். வெயிலை அது பிவிசியைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகத் தாங்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: உட்புறம் தெரியும் ஒரு துண்டைக் கேளுங்கள். ஹைபலான் துணியின் உள்முகம் மங்கலான கறுப்பு ரப்பராக இருக்கும். பிவிசி பெரும்பாலும் இரண்டு முகமும் வழவழப்பாக மினுங்கும். பழுது பார்க்கும் பசையும் வேறு வேறு, ஒன்றின் பசை மற்றதில் நிற்காது. இன்னொன்றையும் கைவேலைக்காரனாகச் சொல்கிறேன்: ஹைபலானில் ஒட்டுப் போட ஈரப்பதம் குறைந்த காற்று வேண்டும். லங்காவியில் திறந்தவெளியில் ஒட்டிய ஒட்டுகள் எத்தனையோ பிரிந்துவந்ததைப் பார்த்துவிட்டேன். குளிரூட்டிய அறைக்குள் ஒட்டியவை நிற்கின்றன.

இஞ்சினில் அதிக நேரம் செலவானது. எட்டு குதிரைத்திறன் இரட்டை வீச்சு 27 கிலோ. பலத்துக்கு அதுதான் மலிவு. ஆனால் புகையும் எண்ணெயும் கலந்த அந்த நாற்றம் அக்காவுக்குத் தலைவலி தந்தது. மின் இஞ்சினையும் விலை விசாரித்தோம். எரிபொருள் கேனே வேண்டாம் என்பது பெரிய விடுதலை. ஆனால் இவர்களுடைய சூரியப் பலகை ஃபிரிட்ஜுக்கே மட்டுமட்டாகப் போகிறது. பாங்கா விரிகுடாவின் நீரோட்டத்தில் மின்கலம் தீர்ந்தால் துடுப்புதான் கதி. எனவே நான்கு வீச்சு என்று முடிவானது. அந்த வகையில் 4, 5, 6 குதிரைத்திறன் மூன்றும் பல நிறுவனங்களில் ஒரே உடல்தான், எடையும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் ஆறு. எடை 26 கிலோ. நான்கு வீச்சு இஞ்சினைப் படுக்க வைக்கும்போது கையேடு சொல்லும் பக்கமாகவே வைக்க வேண்டும். தப்பான பக்கம் வைத்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். இதைச் சிவப்பு மையால் இஞ்சின் மூடியில் எழுதி வைத்தேன்.

இந்த ஆறு குதிரைத்திறன் இரண்டு பேரையும் சுமையையும் வைத்துக்கொண்டு நீருக்கு மேல் எழும்பாது. நாலரை நாட் கிடைக்கும், ஒரு கடல் மைலுக்குப் பதின்மூன்று நிமிடம். அண்ணனுக்கு இதை ஏற்பது கடினமாக இருந்தது. கடையிலிருந்து ஒரு தடவை எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, அந்த ஏழு பயணத்தை மறுபடி எண்ணச் சொன்னார். ஏழுதான்.

அக்காவை அங்கேயே இஞ்சினை ஒரு மரத்தாங்கியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைத்துக் காட்டச் சொன்னோம், வைத்தார். அதன் பிறகே பணம் கொடுத்தோம்.

பொருத்தியதும் பழகியதும்

பின்கம்பியில் ஒரு கைத்தூணும் நாலு மடிப்புக் கப்பியும் வைத்தேன். 26 கிலோ இஞ்சினுக்கு ஏழு, எட்டு கிலோ இழுவை போதும். டிங்கியின் உள்ளே மூன்று வளையங்களில் கட்டிய வார்கள் ஒரு வளையத்தில் சேரும். அதை ஹாலியார்டில் கொளுவி, பாய்மரத்து வின்ச்சை (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) சுற்றினால் டிங்கி எழும். இரவில் அது படகின் பக்கவாட்டில், தளத்தின் உயரத்துக்குத் தூக்கிக் கட்டப்பட்டிருக்கும். அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காது, திருடனுக்கும் எளிதில்லை. அடைப்பான் கழற்றப்பட்டுச் சுக்கான் பக்கத்து ஆணியில் தொங்கும். அந்த ஆணி அக்காவின் யோசனை. ஆணி காலியாக இருந்தால் படகு நகராது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம்.

குழாய்களுக்கு அக்கா கெட்டித் துணியில் உறை தைத்தார். ஒவ்வொரு வளைவுக்கும் பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்து, ஒன்பது நாள் வேலை. வெயிலையும் சிப்பியையும் முதலில் அதுதான் வாங்கிக்கொள்கிறது.

பின் நடந்தவை

2023 நவம்பர் முதல் அடுத்த ஏப்ரல் வரை முழுப் பருவமும் புது டிங்கியோடு போய்வந்தார்கள். பயணத்தில் டிங்கி எப்போதும் முன்தளத்தில். இரண்டு மழைக்காற்றில் மாட்டினார்கள். டிங்கியைப் பற்றி யாரும் நினைக்கவே வேண்டியிருக்கவில்லை என்று பதிவேட்டில் இருக்கிறது. பின்பலகையில் மடக்குச் சக்கரம் போட்டதால் வற்றத்திலும் இருவரே இழுத்துவிடுகிறார்கள். ஒரு ஹோங் குகையில் நீர் இறங்கும் நேரத்தில் சுவரோடு உரசி, உறை ஒரு முழத்துக்குக் கிழிந்தது. குழாயில் கீறல்கூட இல்லை.

அக்கா தனியாகச் சந்தைக்குப் போகிறார். தனியாகப் போகும்போது ஆறு குதிரைத்திறனிலேயே டிங்கி எழும்பிவிடுகிறது. அவர் எடை குறைவு. அண்ணன் போனால் எழும்புவதில்லை.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. எதிர்க்காற்றில் சுமையோடு வந்தால் நனைகிறார்கள், பெரிய ரிப்பில் நனைந்திருக்க மாட்டார்கள். விருந்தினர் வந்தால் இரண்டு நடை. முன்தளத்தில் டிங்கி கவிழ்ந்திருக்கும்போது முன்னறைக் கூரைக் கதவு பாதிதான் திறக்கிறது. மழையில் அதன் கீழே காற்று வருவது சுகம். ஆபத்தில் வெளியேறும் வழி ஒன்று அடைபடுவது சுகமல்ல. அதனால் பயண இரவுகளில் முன்னறையில் யாரும் தூங்குவதில்லை, நடுக்கூரைக் கதவின் மேல் எதையும் கட்டுவதில்லை. பாய்க்கயிறு டிங்கியின் முனையில் சிக்குவதும் உண்டு. அதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.

பழைய ரிப்பும் பதினைந்து இஞ்சினும் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகப் போயின. வாங்கியவர்கள் 45 அடி இரட்டை உடல் படகுக்காரர்கள். அவர்கள் படகின் பின்பக்கத்தில் இரண்டு உடலுக்கும் நடுவே உயரமாக, உறுதியான டேவிட்டில் அது தொங்குகிறது, மின் வின்ச் ஏற்றுகிறது. அவர்களுக்கு அது பொருத்தம். டேவிட்டுக்குச் செலவழித்ததும் தளத்தைச் சரிசெய்ததும் திரும்பவில்லை.

இனி மாற்றிச் செய்வது

என் பக்கம் மாற்றியதை எழுதுகிறேன். டிங்கி பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது நீளத்தையும் குதிரைத்திறனையும் பேசுவதில்லை. முதலில் அவர்கள் படகுக்குப் போய் முன்தளத்தை அளக்கிறேன். டேவிட் வேண்டும் என்றால் தளத்தின் அடியில் தாங்குபலகை வைக்க இடம் இருக்கிறதா என்று உள்ளே ஊர்ந்து பார்க்கிறேன். டிங்கியின் எடையோடு அதில் நிறையக்கூடிய தண்ணீரின் எடையையும் சேர்த்தே கணக்குப் போடுகிறேன். கையேட்டு எடையை நம்புவதில்லை, 150 கிலோ தொங்கு தராசு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். படகில் இருப்பவர்களில் உடல்பலம் குறைந்தவர் வராமல் பேச்சைத் தொடங்குவதில்லை.

அண்ணனிடம் கேட்டபோது, பழைய பிவிசி டிங்கியையே பின்பலகை ஒட்டி ஒரு பருவம் ஓட்டியிருக்கலாம், அதற்குள் பயணங்களை எழுதிவைத்திருக்கலாம் என்றார். அவசரத்தில் வாங்கியதே முதல் பிழை என்பது அவர் கருத்து. நான் அதில் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பசை இன்னொரு பருவம் நின்றிருக்காது.

அக்காவிடமும் கேட்டேன். ஆள் தவறி விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் சுருள்கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் அண்ணன் இன்னும் சில நாள் ஓட்டுகிறார், அதை எழுதுங்கள் தம்பி என்றார். எழுதிவிட்டேன்.